பொழுது சாயுமுன் கூலி

[காட்சி: திருகோணமலைக் கடற்கரை, காலை. கரைவலை இழுக்கிறார்கள்.]

வலையின் மடி கரைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் மீனில்தான் இருக்கும். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அப்புறம் நடப்பதை. மீனை நிறுக்கிறார்கள், செலவைக் கழிக்கிறார்கள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு போக மிச்சம் இழுத்தவர்களுக்கு. கொப்பி சம்மாட்டி கையில். அவர் சொல்வதுதான் கணக்கு.

கிறிஸ்தவ முதலாளி ஒருவரின் விசுவாசத்தைப் பார்க்க எனக்கு அந்தக் கொப்பி போதும். கடை திறப்பு விழா ஜெபமெல்லாம் பிறகு.

[காட்சி: தராசு, அருகிலிருந்து. தட்டின் ஓரத்தில் ஒரு விரல்.]

வேதாகமம் இந்த விஷயத்தில் சில்லறைக் கணக்கு வரை இறங்கிப் பேசுகிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே என்கிறது உபாகமம் 25ஆம் அதிகாரம். வாங்க ஒன்று, விற்க ஒன்று. அந்தக் காலத்திலேயே இருந்த வித்தை!

அதற்கு முந்தைய அதிகாரத்தில் கூலி வருகிறது. ஏழைக் கூலியாளுக்கு அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடு. அவன் அதை நம்பித்தான் இருக்கிறான். அவன் உன் இனத்தவனா, அந்நியனா என்று பார்க்காதே என்றும் அங்கேயே இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் வேலை செய்கிற நம் ஊரில் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கலாம்.

[காட்சி: சம்பளச் சீட்டு.]

சரி, மாதச் சம்பளம் என்றால்? இலங்கைச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். அந்த 8 வீதத்தைப் பிடித்துவிட்டு, நிதிக்குக் கட்டாமல் கடைச் சரக்குக்குப் புரட்டுவதை நம் ஆட்கள் 'கைமாற்று' என்பார்கள். யாக்கோபு 5ஆம் அதிகாரம் அப்படி மென்மையாகச் சொல்லவில்லை: பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது.

ஏற்கனவே தவறிவிட்டவர்களுக்குச் சகேயு இருக்கிறார். எரிகோ ஊரின் வரி வசூல் தலைவர். இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டதோடு நிறுத்தவில்லை. அநியாயமாய் எடுத்ததை நாலு மடங்காய்த் திருப்புகிறேன் என்றார். நம் முதலாளி நாலு மடங்கு கொடுக்க வேண்டாம், நிலுவையையும் தாமதக் கட்டணத்தையும் கட்டினாலே பெரிய காரியம்.

[காட்சி: கடை, மாதக் கடைசி.]

இந்த மாதம் ஒன்று செய்து பாருங்கள். சம்பளச் சீட்டை வேலையாளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நீங்கள் குறுக்கிட்டு விளக்கம் சொல்ல வேண்டிவருகிறதோ, திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.