புள்ளி போன கதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பில் போடுவது, உறுப்பினர் பட்டியல் வைத்துக்கொள்வது, இந்த மாதிரி வேலைகள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் அட்டை அச்சடிக்கும் மென்பொருள் செய்து கொடுத்தேன். அட்டையில் இடம் குறைவு. பெயருக்கு 15 எழுத்து தாராளம் என்று நானே முடிவு செய்து, பெட்டியை அதோடு பூட்டிவிட்டேன்.

அட்டை வாங்கிப் போன பெரியவர் ஒருவர் மறுநாளே திரும்பி வந்தார். அவர் பெயர் மீனாட்சிசுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் தெருவுக்கு நாலு மீனாட்சிசுந்தரம் உண்டு என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அட்டையை மேசையில் வைத்து, "தம்பி, என் பேர்ல கடைசிப் புள்ளியைக் காணோமே" என்றார். பார்த்தால், பெயர் 'ம்' என்று முடியாமல் 'ம' என்று முடிந்திருக்கிறது.

நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். மொத்தம் 9 எழுத்து. 15 இடத்தில் 9 எழுத்து அடங்காதா? ஆனால் கணினியின் கணக்கில் அந்தப் பெயர் 16. கடைசியாக வந்த பதினாறாவது ஆசாமிதான் அந்தப் புள்ளி. வாசலிலேயே நின்றுவிட்டது.

ஏன் 16 என்றால், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினி வைத்திருக்கும் எண் பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் 128 இடங்கள்தான். நம்மிடம் இருப்பது 247 எழுத்து. அதனால் 'மீ' என்பதற்குத் தனியாக ஓர் இடம் கிடையாது. 'ம' ஒரு குறி, அதன் தலைமேல் வரும் ஈகாரச் சுழி இன்னொரு குறி. 'ட்' என்பதும் இரண்டு: ட ஒன்று, புள்ளி ஒன்று. நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை எழுத்துரு சேர்த்து வரைந்து காட்டுகிறது. உள்ளே அவை தனித்தனியாகத்தான் கிடக்கின்றன.

புள்ளி இல்லாவிட்டால் என்ன, படித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் இருக்கிற, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளிலும் புள்ளி கிடையாது. 2000 வருடங்களுக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. ஆனால் கல்வெட்டைக் கொண்டுபோய் எந்தக் கவுண்டரிலும் யாரும் நீட்டுவதில்லை.

சரி, விசைப்பலகைக்கு வருவோம். கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இந்த இடத்தில் இருக்கிற கீயை அமுக்கினார்கள், விட்டார்கள் என்று எண்ணாக ஒரு சேதி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அதை எழுத்தாக்குவது உள்ளே இருக்கிற மென்பொருள்.

தமிழ்99 முறையில் 'மதுரை' அடித்துப் பார்க்கலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம். மதுரைக்கு ம, த, உ, ர, ஐ என்று 5 தட்டு. வலது, வலது, இடது, வலது, இடது.

'ம' அடித்ததும் திரையில் ம வருகிறது. மென்பொருள் அதோடு விட்டுவிடுவதில்லை; கடைசியாக வந்தது ஒரு மெய் என்று மனதில் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்து 'த', அதையும் குறித்துக்கொள்கிறது. இப்போது 'உ' கீயை அமுக்குகிறோம். முன்னால் மெய் நிற்கிறது என்று நினைவிருப்பதால் முழு 'உ' போடாமல் உகரக் குறியை மட்டும் ஒட்டுகிறது, 'து' கிடைக்கிறது. 'த' அடித்துவிட்டு நடுவில் மௌசை வேறெங்காவது சொடுக்கித் திரும்பி வந்தால் அந்த நினைவு அழிந்துவிடும். அப்போது 'த', பக்கத்தில் தனியாக 'உ' என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கும். பழுது என்று என்னைக் கூப்பிடுபவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி. 'அம்மா' என்று அடிக்கப் புள்ளியைத் தேட வேண்டாம். அ, ம, ம, ஆ என்று 4 தட்டு போதும். ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. அப்படியென்றால் 'மமதை' எப்படி அடிப்பது? முதல் ம-வுக்குப் பின் ஒரு தடவை 'அ' கீயைத் தட்ட வேண்டும். திரையில் ஒன்றும் மாறாது. இது முடிந்துபோன ம, இதற்குப் புள்ளி வைக்காதே என்று மென்பொருளுக்கு அது ஒரு சைகை. மமதை கொஞ்சம் கூடுதலாக ஒரு தட்டு கேட்பது நியாயம்தான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகியவர்கள் கதை வேறு. மேலமாசி வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த டிடிபி கடை அண்ணன் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிப்பார். திரையைப் பார்க்கவே மாட்டார், விரல் தானாக ஓடும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் 'நகரா விசை' என்று உண்டு. அதை அடித்தால் காகிதம் நகராது. புள்ளியை முதலில் அடிப்பார்கள், வண்டி அங்கேயே நிற்கும், அப்புறம் 'ம' அதன் கீழே வந்து விழும். ஆக, முதலில் புள்ளி, பிறகு எழுத்து. யூனிகோடில் இது தலைகீழ்: முதலில் எழுத்து, பிறகு புள்ளி.

அண்ணன் விரலுக்கு ஏற்ற மென்பொருள் என்றால், புள்ளியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். 'கொ' இன்னும் வேடிக்கை. அவர் ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று அடிப்பார். மென்பொருள் கொம்பைப் பிடித்து வைத்து, க-வை முன்னால் விட்டு, கொம்பைப் பின்னால் ஒட்டி, துணைக்கால் வந்ததும் இரண்டையும் சேர்த்து 'கொ'வுக்கான ஒரே குறியாக்க வேண்டும். சேர்க்காமல் இரண்டாகவே விட்டாலும் திரையில் அதே 'கொ'தான் தெரியும். ஆனால் தேடும்போது கிடைக்காமல் போகும். நல்ல மென்பொருள் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும்.

'கௌரி' விஷயத்தில் அந்தக் கருணையும் கிடையாது. கௌ-வில் பின்னால் நிற்பது கொம்புக்கால். பார்க்க ள மாதிரியே இருக்கும். பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கௌரி, கணினிக்குக் 'கெ-ள-ரி'. அகர வரிசையில் அந்த அம்மா வேறு பக்கத்துக்குப் போய்விடுவார்.

கைபேசியிலும் பிரவுசரிலும் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறோம் இல்லையா? அடிக்கும்போது சொல்லுக்குக் கீழே ஒரு கோடு தெரியும். இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. தொடங்கியது, மாறியது, முடிந்தது என்று பிரவுசர் நான் எழுதுகிற மென்பொருளுக்குத் தனியாகச் சேதி சொல்லும். நடுவில் எந்தக் கீயை அமுக்கினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். தமிழாக்குகிற உள்ளீட்டு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கிறது, நீ சும்மா இரு என்று அர்த்தம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு ஜவுளிக்கடைக்கு எழுதிய மென்பொருளில், எண்டர் அமுக்கினால் பெயரைச் சேமி என்று வைத்திருந்தேன். அங்கே இருந்த பெண் 'வள்ளி' என்று அடிப்பார். முதலில் 'வல்லி' என்று வரும். கீழே வருகிற பட்டியலில் சரியானதைப் பார்த்து எண்டர் தட்டித் தேர்ந்தெடுப்பார். அந்த எண்டரை என் மென்பொருளும் பிடித்துக்கொண்டு, தேர்வு முடியுமுன்பே 'வல்லி'யைச் சேமித்துவிடும். பழமுதிர்சோலைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வள்ளியை வல்லியாக்கினால் யார் சும்மா விடுவார்கள்? கடைக்காரர் விடவில்லை. முடிந்தது என்ற சேதி வரும்வரை எண்டரைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே வரிதான். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் என் மேசையில் நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

பேக்ஸ்பேஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ரை'யை அழிக்க ஒரு தட்டில் கொம்பு மட்டும் போய் 'ர' நிற்கும் இடங்கள் உண்டு. எனக்கு அதுதான் வசதி. தப்பு பெரும்பாலும் குறியில்தானே வருகிறது. அம்புக்குறியால் நகரும்போது மட்டும் முழு எழுத்தையும் தாண்டிவிட வேண்டும்.

சங்கத்து மென்பொருளில், குறிகளை எண்ணுவதை விட்டு எழுத்துகளை எண்ணும்படி மாற்றி, பெரியவருக்குப் புது அட்டை எடுத்துக்கொண்டு போனேன். பழைய அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கடைசி 'ம' மேல் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு புள்ளி வைத்திருந்தார். "நீங்க வர நாளாகும்னு நானே வச்சுக்கிட்டேன் தம்பி" என்றார்.

வணக்கம்.