டியூஷன் தேவையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெற்றோரே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் தேவையா, சுமையா?' என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பள்ளியில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் டியூஷன் எதற்கு என்றார். பிள்ளைகளின் விளையாட்டு நேரம் பறிபோகிறது என்றார். காசு உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் முந்திக்கொள்கிறது என்றார். கைதட்டலும் பலமாகத்தான் இருந்தது. நான் 'தேவையே' என்று பேச வந்திருக்கிறேன்.

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இயற்கணிதத்தில் தொடர்ந்து ஃபெயில் ஆகிறது. பள்ளியில் திருத்திய விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். ஏன் தப்பு, எந்த இடத்தில் தப்பு என்பது அந்தக் குறியில் இல்லை. அதே பிள்ளை, அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காவிடம் போகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ போடு, நான் பார்க்கிறேன்" என்கிறார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 'ஐந்தில் இரண்டு' என்று எழுதுகிறது. "சரி, ஐந்தில் இரண்டு பெரிசா, அரை பெரிசா?" என்று கேட்கிறார் அக்கா. பிள்ளை யோசிக்கிறது. அரைதான் பெரிது. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. நோய் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் இல்லை, சில வருடங்களுக்கு முன்னால் கைவிட்டுப்போன பின்னத்தில் இருக்கிறது.

இதற்காகப் பள்ளி ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பீரியடில் வகுப்பு முழுவதையும் பார்க்க வேண்டும், பாடத்தையும் முடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்காக அவர் மூன்று வகுப்பு பின்னால் போனால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? நல்ல ஆசிரியருக்கும் இதுதான் நிலைமை. அதனால்தான், ஒழுங்காக நடக்கும் பள்ளிக்கும் டியூஷன் தேவைப்படுகிறது என்கிறேன்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம், ஒரு பாடம் பிடிபட்ட பிறகே அடுத்ததற்குப் போகும் முறையில் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே நின்றார் என்றது அது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பலன் உண்டு என்பதை அந்த ஆய்வுகளும் மறுக்கவில்லை.

அப்புறம், கூச்சம். வகுப்பில் அத்தனை பேர் முன்னால் "புரியல சார்" என்று சொல்லக் கை தூக்காத பிள்ளை, ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிவிடும். வீட்டில் கேட்கலாமே என்பீர்கள். அப்பா அம்மா பள்ளிக்கூடமே போகாத வீட்டில் யாரிடம் கேட்பது?

விளையாட்டு நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு வரை பிள்ளையை உட்காரவைக்கும் பயிற்சி மையங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் புரிந்துகொண்டு எழுந்து ஓடும் பிள்ளைக்கு விளையாட நேரம் இருக்கிறது. புரியாத பக்கத்தையே பார்த்துக்கொண்டு மாலை முழுவதும் அழும் பிள்ளைக்குத்தான் அது இல்லை.

காசு விஷயம் கனமானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தடைதான் மருந்து என்றால், தென்கொரியாவைப் பாருங்கள். 1980-இல் அங்கே தனிப்பயிற்சிக்குத் தடை போட்டார்கள். ரகசிய டியூஷன் நின்றபாடில்லை, வசதி உள்ளவர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2000-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. தடையில் அடிபட்டவன் ஏழை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், முடிந்ததைக் கொடு என்று வாங்கிக்கொள்ளும் தெரு டியூஷனும்தான் அவனுக்குக் கிடைக்கக்கூடியவை. அதையும் பிடுங்கினால் இடைவெளி கூடத்தானே செய்யும்?

ஒன்றை மட்டும் எதிரணியோடு சேர்ந்து நானும் கண்டிக்கிறேன். வகுப்பில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதிக்குத் தன்னிடமே டியூஷன் வரச் சொல்லும் ஆசிரியர் செய்வது அநியாயம். பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்று இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அதைக் கறாராக அமல்படுத்துங்கள், நாங்களும் உடன் வருகிறோம். அந்தப் பழியை, சாயங்காலம் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் தலையில் போடாதீர்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. டியூஷன் வேண்டாம் என்றால், பின்னம் தெரியாமல் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யார், எந்த நேரத்தில், எங்கே அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

நன்றி, வணக்கம்.