டைமர் கடிகாரம் அல்ல

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியவர்களுக்குத் திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே போகும் விநாடிகளைத் தெரிந்திருக்கும். அது உண்மையிலேயே ஒரு விநாடிதானா என்று யாரும் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். விண்டோஸுக்கு நிரல் எழுதுவது என் தொழில். இந்தச் சரிபார்ப்பு ஒரு கிறுக்கு என்று வீட்டில் சொல்வார்கள்.

புதிதாக நிரல் எழுத வருகிற பிள்ளைகள் ஒரு டைமரை, அதாவது சொன்ன இடைவெளியில் நிரலைக் கூப்பிடும் கருவியை, எடுத்து ஃபார்மில், அதாவது நிரலின் திரைச் சன்னலில், போடுவார்கள். இன்டர்வெல் 10 மில்லிசெகண்ட். டைமர் கூப்பிடும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டு, நூறு சேர்ந்தால் ஒரு விநாடி. தாளில் கணக்கு சரி. ஓட்டிப் பார்த்தால் அரை மணி நேரத் தேர்வு ஏறக்குறைய 47 நிமிடம் ஓடும். "சார், சிஸ்டம் ஸ்லோ, ரேம் போடணும்" என்பார்கள். ரேம் போட்டாலும் 47 நிமிடம்தான்.

விண்டோஸ் வழக்கமாக விநாடிக்கு 64 தடவைதான் டைமர்களைத் திரும்பிப் பார்க்கிறது. அதாவது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. நீங்கள் 10 கேட்டாலும் அது 15.6 தரும். நூறு அழைப்புக்கு ஒன்றரை விநாடிக்கும் மேல் போய்விடும். இயந்திரம் கெடவில்லை, நிரலும் பிசகவில்லை. கேட்ட இடம்தான் தப்பு.

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற பியூனை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் சுற்றறிக்கை கொடுக்கச் சொல்வார், டீ வாங்கி வரச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் மணியிடம் வருவார். ஃபார்ம் டைமரும் அப்படித்தான். சுட்டி அசைவு, விசைத் தட்டல் எல்லாம் முடிந்து வரிசை காலியானால்தான் அதன் முறை. பெரிய கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள், மூன்று மணி தவறிப்போகிறது என்றால், பியூன் திரும்பி வந்து மூன்றையும் சேர்த்து அடிக்க மாட்டார். ஒன்றுதான் அடிப்பார். மணியை எண்ணி நேரம் சொன்னால் அந்த இரண்டு பீரியட் கணக்கில் இல்லை.

இங்கே எனக்குப் பிரியமான கதை ஒன்று. விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமரின் துல்லியம் 55 மில்லிசெகண்ட் வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. ஏன் 55? ஐம்பது இல்லை, அறுபது இல்லை, 55! இதைத் துருவிக்கொண்டு போனால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியில் போய் நிற்போம். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்குள் துடிப்பு தருகிற ஒரே ஒரு முக்கியப் படிகம், 14.31818 மெகாஹெர்ட்ஸ். அந்த ஊர்த் தொலைக்காட்சியின் வண்ணச் சைகை அதிர்வெண்ணைப் போல் சரியாக நான்கு மடங்கு. கம்ப்யூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைக்க அது வசதி. அதையே மூன்றால் வகுத்துப் பிராசஸருக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டால் வகுத்து டைமர் சில்லுக்கு 1.19. அந்தச் சில்லு அதிகபட்சம் 65,536 வரை எண்ணும். எண்ணி முடித்தால் விநாடிக்கு 18.2 துடிப்பு, துடிப்புக்கு 55 மில்லிசெகண்ட். நம் தூர்தர்ஷன் பின்பற்றியதோ பால் (PAL) என்கிற வேறு வண்ண முறை, அந்த அதிர்வெண்ணோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் நம் ஊர் பிசிக்களும் அதே 55இல்தான் துடித்தன. இன்றைய விண்டோஸில் நடப்பது 15.6. ஆவணத்தில் மட்டும் பழைய எண் உட்கார்ந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? திரும்பவும் சொல்கிறேன், மணியை எண்ணாதீர்கள். மணி அடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அதை ஓட விட்டு, டைமர் கூப்பிடும்போதெல்லாம் எவ்வளவு ஆயிற்று என்று அதைக் கேளுங்கள். மணி பிந்தினால் திரை பிந்தும், கணக்கு பிந்தாது. சிஸ்டம் நேரத்தைச் சொல்லும் டேட்டைம் நவ் வேண்டாம். நடுவில் யாராவது சிஸ்டம் நேரத்தை மாற்றினால் தேர்வு நேரமும் சேர்ந்து குதிக்கும்.

ஒரு நண்பர் போன் செய்தார். "பாட்டு ஓடினா என் புரோகிராம் வேகமா ஓடுது, பாட்டை நிறுத்தினா தூங்குதுப்பா!" அவராலேயே நம்ப முடியவில்லை, ஆனால் நடக்கக்கூடியதுதான். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழலுக்குள் அவர் ஸ்லீப் 1 என்று எழுதியிருந்தார். ஒரு மில்லிசெகண்ட் தூங்கச் சொன்னால் அது 15.6 வரைக்கும் தூங்கும். பாட்டு மென்பொருள் தன் வசதிக்காக டைமர் துடிப்பை ஒரு மில்லிசெகண்டாக்கும். பழைய விண்டோஸில் அது எல்லா நிரலுக்கும் பொருந்தியது. விண்டோஸ் 10இன் 2004 பதிப்பிலிருந்து, பெயர்தான் 2004, வந்தது 2020இல், கேட்ட நிரலுக்கு மட்டும். உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமானால் டைம்பிகின்பீரியட் என்கிற விண்டோஸ் கட்டளையை அழைத்து அந்த வேகத் துடிப்பை நீங்களே கேட்கலாம். ஆனால் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மடிக்கணினி பேட்டரியைத் தின்னும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பின்னணித் த்ரெட் டைமர்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், இன்று முடியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும் பழைய கெட்டிக்கவுன்ட் 32 பிட் எண். 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். விண்டோஸ் 95 அப்படித்தான் உறைந்து நின்றது. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடுகிற மென்பொருள் எழுதுகிறவர்கள், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கிடைக்கும் கெட்டிக்கவுன்ட்64ஐப் பயன்படுத்துங்கள். வணக்கம்.