டியூக்கா, கரோலினாவா? அந்தப் பையனை விட்டுவிடுங்கள்!

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையலும் கிடையாது, காஸ்ட்கோ போன கதையும் கிடையாது. காரில் உட்கார்ந்து பேசினால் திட்டுகிறீர்கள், அதனால் அடுப்பங்கரையிலேயே கேமராவை வைத்துவிட்டேன். குக்கர் மூன்று விசில் விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்துதான் பேசப் போகிறேன். நன்றாக ஆடும் பள்ளிப் பையன் எந்தக் கல்லூரி அணிக்குப் போகிறான், அதற்கு ரசிகர்கள் ஏன் அவனைத் திட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். கோபமாக இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். நாங்கள் அமெரிக்காவில் வட கரோலினாவின் மாரிஸ்வில் வந்து பதினொரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுக்காரர் ராலேயில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர், அதனால் அந்த அணியின் சிவப்புக்கு ரசிகர். நான் சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முதல் ஆட்டம் பார்த்த அன்றைக்கே அதன் வெளிர் நீலத்துக்குப் போய்விட்டேன், அதைத்தான் இங்கே கரோலினா என்போம். எதிரணியான டியூக் பல்கலைக்கழகத்தின் அடர் நீலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. டியூக் இருக்கும் டர்ஹாமுக்கும் சாப்பல் ஹில்லுக்கும் நடுவே பத்து மைல்தான். அந்தப் பத்து மைலுக்குத்தான் இவ்வளவு சண்டை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை டர்ஹாம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடுகிறான், பெரிய கல்லூரிகள் எல்லாம் அவன் பின்னால் சுற்றுகின்றன. பெயர் சொல்ல மாட்டேன், பள்ளியையும் சொல்ல மாட்டேன். அவனுக்குப் பதினேழு வயது, அது போதும்.

ஜிம் வாசலுக்குப் போகும் முன்னாலேயே பார்க்கிங்கில் 20 டாலர் கேட்டார்கள். பள்ளிக்கூட ஆட்டத்துக்கு! டிக்கெட் 12 டாலர், பார்க்கிங் 20 டாலர்! ரொக்கம் வாங்க மாட்டார்களாம். போனில் அந்தச் சதுரக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி, செயலியை இறக்கி, கார் நம்பர் போட்டு, அதற்குத் தனியாக ஒரு சேவைக் கட்டணம் வேறு. எனக்குப் பின்னால் பத்து கார் நிற்கிறது, இங்கே சிக்னல் கிடைக்கவில்லை. கடைசியில் மகன்தான் போனை வாங்கி ஒரு நிமிடத்தில் முடித்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். சரி என்று வாசலுக்குப் போனால், பையைத் திறந்து பார்த்து ஃபிளாஸ்க் உள்ளே வரக் கூடாது என்கிறார்கள். டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, நானே போட்ட காபி! கொட்ட மனசு வருமா? ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி கார் வரைக்கும் நடந்தேன். அந்தப் பார்க்கிங் எங்கேயோ ஒரு கோடியில். காரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆட்டத்தின் முதல் கால் பகுதி, அதாவது முதல் குவார்ட்டர், முழுக்கப் போய்விட்டது. 20 டாலர் போனதுகூடப் பரவாயில்லை, அந்தக் குவார்ட்டரில் பையன் எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அறைகிற டங்க் மூன்று முறை அடித்தானாம். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனால் இடம் கிடைத்தது பாருங்கள், அது அதிர்ஷ்டம். கல்லூரி கோச்சுகள் உட்காரும் வரிசைக்கு நேர் பின்னால்! கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. ஆட்ட நாளில் ஆட்டம் முடியும் வரை பையனோடு பேசக் கூடாது, விதி அப்படி. வந்து உட்கார்ந்ததே சேதி. உனக்காக நான் இவ்வளவு தூரம் வந்தேன், பார்த்துக்கொள். அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காதது எனக்குப் பின்வரிசையில் இருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், என்னை மாதிரியே வெளிர் நீலச் சட்டை. பையன் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரே பேச்சு. இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு டியூக்குக்குப் போனால் துரோகியாம். பணத்துக்கு விலை போனவனாம். பையனின் அம்மா ஆறு இருக்கை தள்ளி உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். "ஏன்மா அந்த அண்ணாவைத் திட்டுகிறார்கள்? அவர் நன்றாகத்தானே ஆடுகிறார்?" என்று மகன் கேட்கிறான். நான் திரும்பி, அவனுடைய அம்மா இங்கேதான் இருக்கிறார், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நம் கட்சிக்காரர்களே இப்படிப் பேசினால் எனக்கு வேறு மாதிரி எரிகிறது.

இந்தத் துரோகிப் பேச்சு நான் முதலில் கேட்டது 2015-இல், வந்து இறங்கிய புதிது. பிராண்டன் இங்கிராம். கின்ஸ்டன் ஊர்ப் பையன், இதே வட கரோலினா. அதே கின்ஸ்டனில் பிறந்த ஜெர்ரி ஸ்டேக்ஹவுஸ் கரோலினாவில் ஆடி, அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. போனவர், இங்கிராமைச் சின்ன வயதிலிருந்து வழிநடத்தியவரும் அவர்தான். அப்புறம் என்ன, பையன் நமக்குத்தான் என்று இங்கே எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள். ஏப்ரலில் பையன் டியூக் என்றான். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஏப்ரலில்தான் டியூக் தேசிய சாம்பியன். ஜெயித்த கையோடு டியூக் ஆட்டக்காரர்கள் ஒகாஃபோர், ஜஸ்டிஸ் வின்ஸ்லோ, டையஸ் ஜோன்ஸ் மூன்று பேரும் முதல் வருடத்திலேயே என்.பி.ஏ.வுக்குக் கிளம்பிவிட்டார்கள். வின்ஸ்லோ ஆடியது இங்கிராம் ஆடும் இடம். இடம் காலி, பந்து காத்திருக்கிறது. இந்தப் பக்கம் கரோலினாவில் பாட வகுப்பு முறைகேடு விஷயமாக கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. என்ன தண்டனை வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. 2017 அக்டோபரில்தான் தண்டனை எதுவும் இல்லை என்று முடிந்தது. பதினேழு வயதுப் பையன் 2017 வரை காத்திருக்க முடியுமா? ஒரு வருடம் டியூக்கில் ஆடினான், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2016 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக லேக்கர்ஸ் அணி எடுத்தது. கரோலினாக்காரியாக எனக்கு இன்றும் வலிக்கிறது, ஆனால் அவன் செய்தது சரி.

என்னைக் கேட்டால், ஒரு பையன் பார்ப்பது முதலில் இதைத்தான். அங்கே என் இடத்தில் யார் ஆடுகிறார்கள், அவன் போகிறானா, இருக்கிறானா? கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்கும்? பள்ளியின் பெயர், சட்டை நிறம், அரங்கத்தில் தொங்கும் கொடிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம் ரசிகர்கள் பாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மைக்கேல் ஜோர்டானே சின்ன வயதில் கரோலினா ரசிகர் கிடையாது. அவருக்கு என்.சி. ஸ்டேட்டில் ஆடிய டேவிட் தாம்ப்சன் மேல்தான் உயிர். 2009-இல் கூடைப்பந்து சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது தன்னை அறிமுகப்படுத்த அவரைத்தான் அழைத்தார். எங்கள் வீட்டுக்காரர் இதை மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். ஆனாலும் ஜோர்டான் போனது சாப்பல் ஹில்லுக்கு, கரோலினா கோச் டீன் ஸ்மித்திடம்.

அப்பா படித்த கல்லூரி என்பதும் ஒருவருக்குப் பலிக்கும், ஒருவருக்குப் பலிக்காது. பூசர் இரட்டையர்கள், கேமரனும் கேய்டனும், 2024 அக்டோபரில் டியூக் என்றார்கள். அப்பா கார்லோஸ் பூசர் 2001-இல் அங்கே சாம்பியன். சொந்த ஊர் மயாமியை விட்டுவிட்டு அப்பாவின் இடத்துக்குப் போனார்கள். இன்றைய என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீஃபன் கறிக்கு என்ன நடந்தது? அப்பா டெல் கறி வர்ஜீனியா டெக்கில் பெரிய ஆள். அந்தக் கல்லூரி மகனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கவில்லை, வேண்டுமானால் வாக்‑ஆனாக, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்பவனாக, வா என்றது. ஒல்லிப் பையன் என்று ஒதுக்கினார்கள். சார்லட் பக்கத்திலேயே டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி, அங்கே பாப் மெக்கில்லப் என்ற கோச் இவனை நம்பினார். 2008 மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டியில் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் வீழ்த்தி, கன்சாஸிடம் 59-57 என்று தோற்றார்கள். இரண்டே புள்ளி! இந்த மாநிலத்திலேயே வளர்ந்த பையனை டியூக்கும் எடுக்கவில்லை, கரோலினாவும் எடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது பணம். இருங்கள், குக்கரை அணைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். பணம். 2021 ஜூலை 1-லிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், அதுதான் என்.ஐ.எல். 2025 ஜூனில் வழக்கு ஒன்று சமரசமாக முடிந்து, கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது. முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். இதெல்லாம் வருவதற்கு முன்னால் பையனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். அரங்கம் நிறைந்து வழியும், கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், பையன் பார்ட் டைம் வேலைகூடப் பார்க்க நேரமில்லாமல் இருப்பான். கொடுக்க வேண்டிய பணத்தைத்தான் கொடுக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

2024 டிசம்பரில் பள்ளி நட்சத்திரம் ஏ.ஜே. டிபான்ட்சா, யூட்டாவில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகம், அதாவது பி.ஒய்.யு. என்று சொன்ன அன்றைக்கு நான் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அவன் யோசித்த கடைசி நான்கு கல்லூரியில் கரோலினாவும் இருந்தது, நான் அழாத குறை. அன்றைக்கு நானும் பணம் பணம் என்றுதான் பேசினேன். அது தப்பு. நிறையப் பணம் என்பது உண்மை. ஆனால் அங்கே கோச் கெவின் யங், ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற என்.பி.ஏ. அணியில் உதவி கோச்சாக இருந்து வந்தவர். என்.பி.ஏ. போக வேண்டிய பையன் என்.பி.ஏ.விலிருந்து வந்தவரிடம் கற்றுக்கொள்ளப் போனான். பள்ளிக் கடைசி வருடத்தையே யூட்டாவில்தான் படித்தான், ஊர் அவனுக்குப் புதிதும் இல்லை. அன்றைய வீடியோவை அழிக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஐயோ, விசிட் பற்றிச் சொல்லவே இல்லையே! பூசர் கதைக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அஃபிஷியல் விசிட் என்றால் பையன் கல்லூரி செலவிலேயே அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போவது. டிக்கெட், தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் கணக்கு. சட்டை போட்டுப் படம் எடுப்பார்கள், அங்கே இருக்கும் ஆட்டக்காரர்களோடு பழக விடுவார்கள். டியூக் தன்னுடைய கேமரன் அரங்கத்துக்குள் பையனைக் கூட்டிப் போகும். 1940-இல் திறந்தது, 9,314 இருக்கைதான், ஆனால் மாணவர்கள் கோட்டுக்கு ஒட்டி நின்று கத்துவதில் காது அடைத்துவிடும். நம் கரோலினாவின் அரங்கம் டீன் ஸ்மித் சென்டர் 21,000 பேருக்கு மேல் கொள்ளும். அழகு நமதுதான். சத்தம் அவர்களுடையது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்தது தொப்பி. எந்தக் கல்லூரி என்று அறிவிக்கும் நாளில் மேசையில் நாலைந்து கல்லூரித் தொப்பியை வைத்து, ஒன்றை எடுப்பது போல எடுத்து, கீழே வைத்து, வேறொன்றைப் போட்டுக்கொள்வது. எனக்கு இது அறவே பிடிக்காது. அந்தக் கீழே வைத்த தொப்பியின் கோச் எத்தனை முறை அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்! தென் கரோலினாப் பையன் ஸயன் வில்லியம்சன் 2018 ஜனவரியில் டியூக்கைச் சொன்னபோது எத்தனை மனம் உடைந்தது. அந்த மாநிலக் கல்லூரியான கிளெம்சனுக்குத்தான் போவான் என்று தென் கரோலினாவே நம்பியது. நம் கரோலினாவும் அவனுக்காக வரிசையில் நின்றது. ஹாரிசன் பார்ன்ஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2009 நவம்பரில் அயோவாவில் தன் பள்ளியில் உட்கார்ந்து, ஸ்கைப்பில் நேராக அப்போதைய கரோலினா கோச் ராய் வில்லியம்ஸைக் கூப்பிட்டுச் சொன்னான். பதினாறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த வீடியோவை நான் இன்னும் பார்க்கிறேன்.

அந்த ஸயன் கூட்டத்துக்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே முதல் மூன்று இடத்துப் பையன்கள், ஸயன், பாரெட், ரெட்டிஷ், மூன்று பேரும் ஒரே வருடம் டியூக்கில். 2019-இல் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று தோற்று, தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள்ளேயே போகவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் என்.சி. ஸ்டேட் 2024-இல் போனது! அந்த அணியில் பலர் வெவ்வேறு கல்லூரியில் ஆடிவிட்டு, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்தவர்கள். டி.ஜே. பர்ன்ஸ் வின்த்ராப்பிலிருந்து வந்தவர், டி.ஜே. ஹார்ன் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து சொந்த ஊர் ராலேக்கே திரும்பியவர். டியூக்கை 76-64 என்று அடித்துக் கடைசி நான்குக்குப் போனார்கள். பர்ன்ஸ் மட்டும் 29 புள்ளி. அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி. நானும் சிவப்புச் சட்டை போட்டேன், ஒரே ஒரு நாள்.

பின்வரிசைக்காரர்களிடம் சொல்ல நினைத்தது இதுதான். முன்பெல்லாம் பையன் கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்குக் கட்டுப்பட்டவன், கோச்சுக்கு அல்ல. தன்னைக் கூப்பிட்ட கோச் வேறு வேலைக்குப் போனாலும் பையன் மாட்டிக்கொள்வான். ராய் வில்லியம்ஸ் 2003-இல் கன்சாஸை விட்டுவிட்டுத்தான் நம்மிடம் வந்தார். அதை நாம் கொண்டாடினோம். அந்தக் கையெழுத்துத் திட்டத்தையே 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். கோச் மாறினால் வீடு திரும்பினார் என்கிறோம், பையன் மாறினால் துரோகி என்கிறோம். இது என்ன நியாயம்?

ஆட்டம் முடிந்ததும் பையன் வியர்வையோடு நேராக அம்மாவிடம் வந்தான். முன்வரிசையில் கோச்சுகள் எழுந்து நின்று காத்திருந்தார்கள். அவன் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னான், அவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார். உரித்துத் தின்றுவிட்டுத்தான் கோச்சுகள் பக்கம் போனான். எங்கே போவான் என்று தெரியாது. டியூக் என்று சொன்னால் நான் ஒரு நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பேன், மறுநாள் வாழ்த்துச் சொல்லி வீடியோ போடுவேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே ஜிம்முக்குப் போகிறேன். இந்த முறை அரை மைல் தள்ளி நூலகத்தில் காரை விட்டுவிட்டு நடக்கப் போகிறோம், அங்கே பார்க்கிங் இலவசம், நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன். காபியை வீட்டிலேயே குடித்துவிடுவேன். முதல் குவார்ட்டரை விட மாட்டேன்.