தப்பி ஓடுறதையே திட்டமா மாத்தின தளபதி: கௌபென்ஸ் சண்டை, 1781

[திரையில்: தென் கரோலினா வரைபடம், வடக்கு எல்லை ஓரமா ஒரு புள்ளி]

அமெரிக்க விடுதலைப் போர்னாலே, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு சிவப்புக் கோட்டு சிப்பாய்களைச் சுட்ட விவசாயிங்கதான் பலருக்கு ஞாபகம் வரும். 1775 ஏப்ரல்ல, கான்கார்ட்ல இருந்து பாஸ்டனுக்குத் திரும்பின பிரிட்டிஷ் படைக்கு அப்படி நடந்தது உண்மைதான். ஆனா ஒளிஞ்சு சுட்டா ஒரு படைக்குத் தொல்லை கொடுக்கலாம், அதை ஒழிச்சுக் கட்ட முடியாது. ஒரே காலையில ஒரு பிரிட்டிஷ் படை மொத்தமா அழிஞ்ச சண்டை ஒண்ணு இருக்கு. 1781 ஜனவரி 17, கௌபென்ஸ். மாடு மேய்ச்ச திறந்தவெளி, அங்கங்க மரங்க.

[திரையில்: ரைபிளும் மஸ்கட்டும் பக்கத்துல பக்கத்துல]

முதல்ல ஆயுதத்தைப் புரிஞ்சுக்கணும். பிரிட்டிஷ் மஸ்கட்டோட குழல் உள்ளே வழவழன்னு இருக்கும். 100 கஜம் தாண்டினா குறி நிக்காது. ஆனா பழகின சிப்பாய் நிமிஷத்துக்கு 3 தடவை சுடுவார், முனையில பயோனெட்டுங்கற குத்துக்கத்தியும் இருக்கும். எல்லைப்புற அமெரிக்கர் கையில இருந்தது ரைபிள். குழலுக்குள்ள சுருள் வரி இருக்கறதால 200 கஜத்துலயும் ஆளை அடிக்கும். ஆனா குண்டை இறுக்கி உள்ளே தள்ளணும், திரும்ப நிரப்ப கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகும், பயோனெட்டும் மாட்ட முடியாது. அதுக்குள்ள எதிரி 100 கஜம் ஓடி வந்து குத்திடுவான். கிராமத்துல இருந்து வந்த மிலிஷியாக்காரங்க, அதாவது தேவைப்படறப்ப கூடற ஊர்ப்படை, பயோனெட்டைப் பார்த்ததும் ஓடினதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவங்களைக் கோழைன்னு சொல்றது நியாயமே இல்லை.

1780 ஆகஸ்ட் 16, தென் கரோலினாவுல கேம்டன் சண்டையில அதுதான் நடந்தது. மிலிஷியா பெரும்பாலும் ஒரு குண்டுகூடச் சுடாம ஓடிடுச்சு. தனியா மாட்டின மேரிலாந்து, டெலவேர் நிரந்தரப் படை நசுங்கிப் போச்சு.

அஞ்சு மாசம் கழிச்சு, கௌபென்ஸ்ல அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன் கையில இருந்ததும் அதே மாதிரி ஆளுங்கதான். துரத்தி வந்தவர் பிரிட்டிஷ் தளபதி பனாஸ்டர் டார்லட்டன்: சுமார் 1,100 பேர், 2 சின்ன பீரங்கி. "ஓடாதே"ன்னு மார்கன் சொல்லல. எப்போ ஓடணும், எந்தப் பக்கம் ஓடணும்னு சொன்னார்.

[திரையில்: மூணு வரிசை, பின்னாடி குதிரைப்படை]

மூணு வரிசை போட்டார். முன்னாடி சுமார் 150 ரைபிள்காரங்க, மரத்தை ஒட்டிப் பரவலா. அவங்களுக்குப் பின்னாடி ஆண்ட்ரூ பிக்கன்ஸோட மிலிஷியா, சுமார் 300 பேர். இன்னும் ஒரு 150 கஜம் தள்ளி, மேட்டுல ஜான் ஈகர் ஹோவர்டோட நிரந்தரப் படை. எல்லாருக்கும் பின்னாடி, எதிரி கண்ணுல படாத பள்ளத்துல வில்லியம் வாஷிங்டனோட குதிரைப்படை.

மிலிஷியாவுக்குக் கொடுத்த உத்தரவு ரொம்பத் தெளிவு. எதிரி நல்லா பக்கத்துல வர்ற வரைக்கும் பொறுங்க. ரெண்டு, மூணு தடவை சுடுங்க, தோள்ல பட்டை போட்ட அதிகாரிங்களைக் குறி வைங்க. அப்புறம் இடது பக்கமா சுத்தி பின்னாடி போய்க் கூடுங்க. இது திட்டம்தான்னு பின்னாடி நிக்கற படைக்கும் முன்கூட்டியே சொல்லியாச்சு. சொல்லாம விட்டிருந்தா, ஓடி வர்றவங்களைப் பார்த்து அவங்களும் கலைஞ்சிருப்பாங்க. கேம்டன் திரும்ப நடந்திருக்கும். பிராட் ஆறும் சில மைல் பின்னாடிதான். கடந்து தப்பிக்க வழியில்லன்னா நின்னு சண்டை போடுவாங்கன்னு மார்கன் நினைச்சார்.

அவர் ஆளுங்க ராத்திரி தூங்கி, காலையில சாப்பிட்டு நின்னாங்க. டார்லட்டனோட ஆளுங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து, குளிர்ல நடந்து வந்தாங்க. வந்த களைப்போட அவங்களை டார்லட்டன் நேரா மோத விட்டார்.

மிலிஷியா சொன்னபடியே சுட்டுட்டுப் பின்னாடி போச்சு. ஆனா திட்டத்துல இல்லாத ஒண்ணும் நடந்தது. பிரிட்டிஷோட ஹைலாண்டர் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) படை ஹோவர்டோட வலது ஓரத்தைச் சுத்தி வந்தது. ஓரத்துல இருந்த சின்னப் படைப்பிரிவை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொன்னார் ஹோவர்ட். அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு பின்னாடி நடக்க ஆரம்பிச்சாங்க. பொதுப் பின்வாங்கல்னு நினைச்சு முழு வரிசையும் கூடவே திரும்பிடுச்சு.

[திரையில்: பின்வாங்கும் நேர் வரிசை, துரத்தும் கலைஞ்ச கூட்டம்]

இங்கதான் பயிற்சி காப்பாத்துச்சு. அணி கலையாம நடந்தாங்க. மார்கன் பதறி வந்து தோத்துட்டீங்களான்னு கேட்டப்ப, இப்படி வரிசையா நடக்கற ஆளுங்க தோத்தவங்களான்னு ஹோவர்ட் காட்டினார். மார்கன் திரும்பி நிக்க வேண்டிய இடத்தைப் பார்த்து வெச்சார். ஜெயிச்சுட்டோம்னு நினைச்ச பிரிட்டிஷ்காரங்க அணியை விட்டுட்டு ஓடி வந்தாங்க. சுமார் 30 கஜத்துல மொத்த வரிசையும் திரும்பிச் சுட்டுச்சு, உடனே பயோனெட்டோட பாய்ஞ்சது. ஒரு பக்கம் குதிரைப்படை, இன்னொரு பக்கம் சுத்தி வந்த பிக்கன்ஸோட மிலிஷியா. ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சது. பிரிட்டிஷ் பக்கம் 100 பேருக்கு மேல செத்தாங்க, 700 பேருக்கு மேல பிடிபட்டாங்க. டார்லட்டன் கொஞ்சம் குதிரை வீரங்களோட தப்பினார்.

ரெண்டு மாசத்துல, மார்ச் 15, வட கரோலினாவுல கில்போர்ட் கோர்ட்ஹவுஸ்ங்கற இடத்துல, மார்கனோட மேல் தளபதி நதானியல் கிரீன் இதே மூணு வரிசையைப் போட்டார். ஆனா வரிசைகளுக்கு நடுவுல 300 கஜத்துக்கு மேல இடைவெளி, அதுவும் காடு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியல, உதவவும் முடியல. களத்தைப் பிடிச்சவர் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான். 1792-ல திப்புகிட்ட இருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்த அதே கார்ன்வாலிஸ். ஆனா கில்போர்ட்ல அவர் படையில நாலுல ஒரு பங்குக்கு மேல செத்தோ காயப்பட்டோ போச்சு. துரத்த ஆள் இல்லாம கடற்கரைக்கு, வில்மிங்டனுக்கு இறங்கினார். அங்க இருந்து வர்ஜீனியா, அக்டோபர்ல யார்க்டவுன்ல சரண்.