பழைய மெர்சிடிஸில் ஸ்டீயரிங் வீல் மாற்றுவது: ராயபுரம் ஷெட்டிலிருந்து

[காட்சி: ஷெட்டின் வாசல். காலை வெயில். வெள்ளை நிற மெர்சிடிஸ் ஈ 220. கேமரா மெதுவாக ஸ்டீயரிங் வீலை நெருங்குகிறது.]

வணக்கம். இந்த வீலைக் கொஞ்சம் பாருங்கள். பத்து மணி, இரண்டு மணி இடத்தில், அதாவது ஓட்டுகிறவர் கை எப்போதும் இருக்கும் இடத்தில், தோல் உரிந்து உள்ளே இருக்கும் ஃபோம் வெளியே தெரிகிறது. மீதி இடமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வண்டி 1996ஆம் வருட டபிள்யூ 124. இந்தத் தலைமுறை ஈ கிளாஸுக்கு நிறுவனம் வைத்த உள்பெயர் அது. 1994இல் மெர்சிடிஸ் நிறுவனம் இந்தியாவுக்கு வந்து, 1995இல் புனேயில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வளாகத்தில் முதலில் அசெம்பிள் செய்த மாடல் இதுதான். முப்பது வருடம் ஆகியும் இன்ஜின் கடிகாரம் போல ஓடுகிறது. ஆனால் ஓட்டுகிறவர் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே பொருள் இப்படிக் கிடக்கிறது.

நம் ஷெட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலைதான். காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்று, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஏறும் சூடு, கை வியர்வை எல்லாம் சேர்ந்தால் எந்தத் தோலும் தாங்காது. கொரோனா சமயத்தில் எல்லோரும் கையில் சானிடைசர் தடவிக்கொண்டு அப்படியே வீலைப் பிடித்தோம் இல்லையா? அதில் இருக்கும் ஆல்கஹால் தோலின் மேல்பூச்சைக் கரைத்துவிடும். இந்தப் பிசுபிசுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி வண்டி வந்தால் நிறையப் பேர் உடனே கேட்பது, 'அண்ணே, சின்னதா ஒரு ஸ்போர்ட்ஸ் வீல் போட்டுடலாமா?' என்றுதான். வேண்டாம். ஏன் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த வீடியோவில் முக்கியமான பகுதியே அதுதான்.

இந்த வீலின் நடுவில் எஸ்.ஆர்.எஸ் என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ் காரில் 1981இலேயே டிரைவர் ஏர்பேக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் புதிய கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனது 2019 ஜூலையில்தான். அத்தனை வருடம் முன்னாலேயே வந்த ஒரு பாதுகாப்பை, அழகுக்காகக் கழற்றி மூலையில் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஸ்போர்ட்ஸ் வீலில் ஏர்பேக் கிடையாது. அதோடு, நிறுவனம் கொடுத்த வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின் கீழும் வரும்.

நான் முதலில் வாங்கிய பழைய வண்டியில் இதை நேரடியாகவே அனுபவித்தேன். யாரோ ஒரு கடையில் முந்தைய ஓனருக்குச் சின்ன வீல் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏர்பேக் இல்லையென்றால் மீட்டரில் எஸ்.ஆர்.எஸ் விளக்கு எரியும் அல்லவா? அது எரியாமல் இருக்க அந்த பல்பையே பிடுங்கி வைத்திருந்தார்கள். ஆறு மாதம் ஏர்பேக் இருக்கிற நினைப்பில் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதனால் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பியவுடன் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள்.

[காட்சி: மேஜையில் துணி விரித்து, அதன் மேல் புதிதாகத் தோல் சுற்றிய வீல்.]

அதனால் நான் செய்தது இது. பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இதே மாடல் வீல் ஒன்று, ஏர்பேக் இல்லாத வெறும் சட்டம், நல்ல நிலையில் கிடைத்தது. வாங்கும்போது விளிம்பில் வளைவு இருக்கிறதா, நடுத்துளையின் பற்கள் தேயாமல் இருக்கின்றனவா, ஏர்பேக் உட்காரும் இடம் நம் வீலோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்தே ஒப்பிட்டேன். மெர்சிடிஸ் பாக எண்ணில் முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வந்ததோ அதைக் காட்டும். அடுத்த இரண்டு இலக்கம் எந்தத் தொகுதி என்பது. ஸ்டீயரிங் என்றால் 46. ஆகவே 124 வண்டியின் வீலில் எண் 126 என்று, அதாவது அந்தக் காலத்து எஸ் கிளாஸின் எண்ணில், தொடங்கினால் பயப்பட வேண்டாம். இரண்டு மாடலும் பாகங்களைப் பகிர்ந்துகொண்டவை.

பழைய ஏர்பேக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சந்தையில் வாங்காதீர்கள். அது எந்த விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது, எத்தனை மழையில் நனைந்தது என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நம் வண்டியின் சொந்த ஏர்பேக்கைத்தான் இந்த வீலில் மாட்டப் போகிறோம்.

தோல் பெரியமேட்டில் வாங்கியது. சென்ட்ரலுக்குப் பின்னால், நமக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய தோல் சந்தை இருக்கும்போது ரெடிமேட் கவர் எதற்கு? ஜாக்கெட் தைக்கிற மெல்லிய தோலை எடுக்கப் போனேன். கடைக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். 'இது வேணாம் தம்பி, ஒரு வருசத்துல சுருங்கிடும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல கனமா இருக்கிற மாட்டுத் தோலா எடு.' 'சரி பாய், நீங்களே பார்த்துக் குடுங்க' என்றேன். விரலால் மடித்து, நகத்தால் கீறி, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.

சுற்றும் வேலையையும் அங்கேயே ஒருவர் செய்தார். பழைய தோலைக் கிழிக்காமல் தையலைப் பிரித்து எடுத்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டினார். பின்புறம் லேசாக ஈரமாக்கி, இழுத்து, பசை போட்டு, வட்டத்தின் உள்பக்கத்தில் இரண்டு ஊசியால் குறுக்குத் தையல். ஒரு நாள் முழுக்கப் போனது. தையலை விரலால் தடவிப் பாருங்கள் என்று உங்களிடம் கொடுக்க முடியவில்லையே என்று இருக்கிறது. அவ்வளவு சீராக இருக்கிறது.

[காட்சி: பானட் திறக்கிறது.]

சரி, இப்போது வேலை. முதலில் ரேடியோ. இந்தக் காலத்து மெர்சிடிஸ்களில் பெரும்பாலும் பெக்கர் ரேடியோ இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது கோடு, அதாவது ரகசிய எண், கேட்கும். அந்த எண் இருக்கும் கார்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

முன்சக்கரம் இரண்டும் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். உடனே வீலில் கை வைக்காதீர்கள். பேட்டரி போனாலும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெபாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் தேங்கியிருக்கும். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. நான் அரை மணி நேரம் விடுவேன். டீ குடித்துவிட்டு வாருங்கள். சில வண்டிகளில் கால் வைக்கும் இடத்துக் கம்பளத்துக்குக் கீழே ஏர்பேக்குக்கென்று தனியாகச் சிவப்புக் கனெக்டர் இருக்கும். இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருப்பது ஒரு வெடிமருந்து. அந்தத் தலைமுறை ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு என்ற ரசாயனம். மின்சாரம் பட்டதும் எரிந்து நைட்ரஜன் வாயுவாக மாறி, ஏறக்குறைய 30 மில்லி விநாடியில் பையை நிரப்பிவிடும். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. மல்டிமீட்டர் வைத்து இதைச் சோதிக்கவே கூடாது, மீட்டரிலிருந்து போகிற சின்ன மின்சாரமே போதும்.

[காட்சி: வீலின் பின்பக்கம். டார்ச் வெளிச்சம்.]

வீலின் பின்பக்கம், இடமும் வலமும் ஒவ்வொரு துளை. உள்ளே டார்க்ஸ் 30 அளவு ஸ்க்ரூ. நம் ஊரில் ஸ்டார் கீ என்பார்களே, அதுதான், நீளமான தண்டுடன் வேண்டும். இரண்டையும் தளர்த்தினால் ஏர்பேக் முன்பக்கம் வரும். மெதுவாகத் தூக்கி, பின்னால் இருக்கும் கனெக்டரை நேராக இழுத்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கழற்றிய ஏர்பேக்கை எடுத்துப் போகும்போது முகப்புப் பக்கம் உங்கள் உடம்பைப் பார்க்கக் கூடாது. கீழே வைக்கும்போது முகப்பு வானத்தைப் பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், ஒருவேளை வெடித்தால் ராக்கெட் போல மேலே கிளம்பும். வெயில் படாத, யாரும் நடக்காத இடத்தில் வையுங்கள். நான் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஏர்பேக் இல்லாத பழைய வீல் என்றால் இந்த வேலை எதுவும் இல்லை. நடுவில் இருக்கும் ஹார்ன் பேடை ஓரத்தில் பிடித்து இழுத்தாலே வந்துவிடும், வயரைப் பிரித்தால் போதும்.

இப்போது நடுவில் ஒரே ஒரு போல்ட் தெரிகிறது. 10 எம்எம் ஆலன் கீ. அந்தக் குழிக்குள் முப்பது வருடத் தூசி இறுகியிருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு, பிட்டை அடிவரை உட்கார வையுங்கள். பாதி உட்கார்ந்த பிட்டைத் திருப்பினால் போல்ட் தலை வழுக்கி வட்டமாகிவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். திருப்பும்போது ஸ்டீயரிங் லாக்கை நம்பாதீர்கள், லாக் உடையும். பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து வீலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். இங்கே நம் தம்பி பிடித்திருக்கிறார். காற்றழுத்தத்தில் போல்ட் கழற்றும் ஏர் கன் வேண்டாம்.

போல்ட் தளர்ந்ததும் முழுவதும் கழற்றாமல் நாலு சுற்று விட்டு வையுங்கள். அப்புறம் வீலை ஆட்டி ஆட்டி இழுங்கள். உப்புக் காற்றில் இறுகியிருந்தால் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும், அந்த நாலு சுற்றுதான் நம்மைக் காப்பாற்றும். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள். விபத்தில் மடிந்து டிரைவரின் நெஞ்சைக் காப்பதற்காகவே வீல் உட்கார்ந்திருக்கும் ஸ்டீயரிங் தண்டு செய்யப்பட்டிருக்கிறது. அடித்தால் அது கெட்டுப்போகும்.

வீல் விடுபட்டதும், எடுக்கும் முன்னால், தண்டிலும் வீலிலும் நேர்கோடாக ஒரு மார்க்கர் குறி போடுங்கள். பற்களில் ஒன்று தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கும்.

வீலுக்குப் பின்னால் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் பாகம். கிளாக் ஸ்பிரிங். உள்ளே தட்டையான கம்பி நாடா சுருட்டி வைத்திருக்கும். வீல் சுற்றச் சுற்ற அது சுருளும், விரியும். அப்படித்தான் ஏர்பேக்குக்கு மின்சாரம் அறுபடாமல் போகிறது. இதைக் கையால் சுற்றிப் பார்க்காதீர்கள். நடுநிலை தவறி மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்துவிடும். ஒரு டேப் ஒட்டி அசையாமல் வையுங்கள்.

[காட்சி: புதிய வீல் உட்காருகிறது.]

தண்டின் பற்களைப் பிரஷ்ஷால் துடைத்து, புதிய வீலிலும் பழைய வீலில் போட்ட அதே இடத்தில் ஒரு குறி போட்டு, குறியோடு குறி சேர்த்து மாட்டுங்கள். போல்ட் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைத் திரும்பப் போட வேண்டாம். இந்த மாடலுக்கு 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோ தொங்கவிட்ட விசை அது. முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 'டிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். உங்கள் வண்டி வேறு மாடல் என்றால் அதன் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவைப் பாருங்கள்.

டேப்பை எடுத்துவிட்டு ஏர்பேக் கனெக்டரை அமுக்குங்கள், 'கிளிக்' கேட்க வேண்டும். இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவையும் போடுங்கள். சிவப்புக் கனெக்டரை மாட்டுங்கள். கடைசியாகத்தான் பேட்டரி. பேட்டரியைக் கட்டும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. சாவியையும் கதவுக்கு வெளியே நின்று, கையை மட்டும் நீட்டித் திருப்புங்கள்.

[காட்சி: மீட்டர். எஸ்.ஆர்.எஸ் விளக்கு எரிந்து அணைகிறது.]

அணைந்துவிட்டது. ஹார்ன் அடிக்கிறது. வீல் நேரானதும் இண்டிகேட்டர் தானாக அணைகிறது.

ஓட்டிப் பார்க்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போனோம். கன்டெய்னர் லாரிகள் குறைவாக இருக்கும் விடியற்காலையில் போனால் நீளமாக நேர்ச்சாலை கிடைக்கும். வீல் நேராக நிற்கிறது, திருப்பி விட்டால் தானாகத் திரும்புகிறது. பள்ளத்தில் இறங்கும்போது நடுவில் கடகடவென்று எந்தச் சத்தமும் இல்லை.

இனிமேல் இந்தத் தோலுக்கு வேண்டியது ஈரத்துணியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் லெதர் கண்டிஷனரும். பளபளக்கிற டாஷ்போர்டு பாலிஷ் தடவாதீர்கள், வளைவில் கை வழுக்கும். வண்டியைக் கடல் பக்கம் நிறுத்தினால் வீல் மேல் ஒரு பழைய பருத்தித் துண்டு போட்டு வையுங்கள்.

ரேடியோ கோடு கேட்கிறது. தம்பி, அந்தக் கார்டை எடுத்து வா.