தின்பதைத் தின்பவன்

வணக்கம் நேயர்களே. மலையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியில் இருக்கும் காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், தேயிலைக்கு வந்துவிடுவேன்.

கெல்ப் என்பது பெரிய பழுப்புநிறக் கடற்பாசி. நம் இலங்கைத் தீவைச் சுற்றி அது கிடையாது, தண்ணீர் சூடு. கலிபோர்னியா, அலாஸ்கா, சிலி, தஸ்மேனியா மாதிரியான குளிர்ந்த கரையோரங்களில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும். ராட்சதக் கெல்ப் 30 மீற்றருக்கு மேலும் எழும்பும். எல்லாம் ஒத்துவந்தால் ஒரே நாளில் 2 அடி. பாறையைப் பிடித்திருக்கும் பகுதி வேர் மாதிரித் தெரியும், ஆனால் உணவை உறிஞ்சாது, வெறும் பிடிமானம்தான். அதைக் கடித்து அறுத்தால் முழுப் பாசியும் மிதந்து போய்விடும். கடிப்பது கடல் முள்ளெலி. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இந்த ஆளை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்ற இளைஞர் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் கடல் நீர்நாய்களை ஆராயப் போனார். நம் ஆறு, ஓயாக்களில் எப்போதாவது தலைகாட்டும் நீர்நாய்க்கு அது உறவு. கெல்ப் காடு நீர்நாயை எப்படி வாழவைக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் திட்டம். அங்கே வந்த ராபர்ட் பெயின் என்ற மூத்த சூழலியலாளர், கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நீர்நாய் காட்டுக்கு என்ன செய்கிறது? பெயின் சும்மா சொல்லவில்லை. வாஷிங்டன் கரையில் ஒரு பாறையிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கி எறிந்தவர் அவர். கொஞ்ச காலத்தில் அந்தப் பாறையை மட்டிகள் மூடிக்கொண்டு மற்ற உயிர்களை விரட்டிவிட்டன.

எஸ்டெஸ் நீர்நாயே இல்லாத ஷெம்யா தீவுக்குப் போய்த் தண்ணீருக்குள் பார்த்தார். கெல்ப் காடு இல்லை. தரை முழுக்க முள்ளெலி! ரோமத்துக்காக நீர்நாயை வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். 1911இல் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபின் அம்சிட்காவில் அது மீண்டும் பெருகியது, ஷெம்யாவுக்கு வந்து சேரவில்லை. கடல் நீர்நாய் தினமும் தன் எடையில் கால் பங்கு அளவு தின்னும். முள்ளெலி என்றால் விடாது.

மறுபடியும் சொல்கிறேன், தின்பதைத் தின்ன ஒருவன் இருந்தால்தான் காடு நிற்கும்.

சரி, தேயிலை. கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மலையில் நம் பெண்களைக் கொட்டுகிற குளவி இல்லை, பயப்படாதீர்கள். இது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்றே வளரும். புழு அடங்கியது. பிற்காலத்தில் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். குளவியும் செத்தது, சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. அங்கே நீர்நாய், இங்கே குளவி.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கடல் சூடாவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். 2013இல் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் நோயில் கரைந்து செத்தன. முள்ளெலி தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீனும் அதில் போனது. அடுத்த ஆண்டே கடலில் வெப்ப அலை. வட கலிபோர்னியாவில் கெல்ப் காடு 90 வீதத்துக்கு மேல் அழிந்தது. அந்த நட்சத்திர மீனை இப்போது ஆய்வுகூடத்தில் வளர்த்துவருகிறார்கள். மீதி இன்னொரு நாள், இவர்கள் கூப்பிட்டால். நன்றி, வணக்கம்.